உடையாத முட்டை

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு மைக் வரிசை வரிசையாகக் கைமாறி வரும். யாருக்குக் கர்த்தர் என்ன செய்தாரோ, அதை எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் சாட்சி. மைக் என் கைக்கு வந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தள்ளுகிற மாதிரி பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவேன். எங்கள் பாஸ்டர் சின்ன வயது. கிண்டல்காரர். போன மாதம் மேடையிலிருந்தே கேட்டுவிட்டார்.

"என்னா பாட்டிமா, எப்பவும் பாஸ் பண்ணி விட்டுர்றீங்க? இத்தனை வருசத்துல கர்த்தர் ஒங்களுக்கு ஒண்ணுமே செய்யலையா லா?"

சபையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

அவருக்கு எப்படித் தெரியும்? சாட்சி சொல்ல வேண்டும் என்பதற்காகவே எனக்கு ஒரு கஷ்டத்தைக் கொடு என்று முழங்காலில் நின்று கடவுளிடம் கேட்டவள் நான். அப்போது நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு. மைக்கில் பேச எனக்கு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் தாப்பா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இப்போது போனால் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான் நிற்கிறது. அப்போது கண்ணுக்கு எட்டிய மட்டும் ரப்பர். வேலைக்காரர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எங்களை மாதிரி வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். எங்களுக்கென்று தனியாகக் கோயில் கிடையாது. ஆயாக்கொட்டகைதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஜெபவீடு. மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிற அம்மாக்கள் வார நாளில் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா சனிக்கிழமையே தொட்டில் சேலைகளைச் சுருட்டி உத்திரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார். அந்த முடிச்சுகளுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்து பாடுவோம். எவ்வளவு கழுவினாலும் பால் வாடையும் மூத்திர வாடையும் போகாது. இன்றைக்கு ஏர்கான் போட்ட சபையில் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போதும் எனக்கு அந்த வாடைதான் வருகிறது.

உபதேசியாருக்கு வார நாளில் ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுவிட்டால் ஜெபம் நடத்துகிற உபதேசியார். பாட்டு முடிந்ததும், "யாரு சாட்சி சொல்றீங்க?" என்று கேட்பார். எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும். மற்ற லயத்துப் பிள்ளைகளுக்குத் திருவிழா இருந்தது, காவடி இருந்தது, கூத்து இருந்தது. எங்களுக்குச் சாட்சிதான்.

சாட்சிக்கு முதலில் ஒரு கஷ்டம் வேண்டும். ஒருவர் காலை நல்ல பாம்பு தாண்டிப் போயிருக்கும். ஒருவர் பிள்ளைக்கு டைபாயிட் வந்து, ஆஸ்பத்திரியில் கைவிட்டு, பிறகு பிழைத்திருக்கும். அதைச் சொல்லச் சொல்லப் பெண்கள் எல்லாரும் 'உச்' கொட்டுவார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்வார்கள். என் அப்பா கள்ளுக்கடையை விட்ட சாட்சியை வருடத்தில் இரண்டு தடவை சொல்வார். ஒரு சாட்சிக்கும் அடுத்த சாட்சிக்கும் நடுவில் கடைக்குப் போய்விட்டு வந்திருப்பார். அதனால் அந்தச் சாட்சி எப்போதும் புதிதாகவே இருந்தது.

அம்மா சாட்சி சொன்னதே இல்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து சின்னக் குரலில் பாடுவார், அவ்வளவுதான். அந்தக் கூச்சம்தான் எனக்கும் வந்திருக்கிறது.

என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. காய்ச்சல்கூட வராத உடம்பு. ஒரு தடவை முருங்கை மரத்திலிருந்து விழுந்தேன். விழுந்த இடத்தில் புல் குவியல். எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன். இதையா சொல்ல முடியும்?

அப்படி இருக்கும்போதுதான் காற்று மழையில் சித்தி வீட்டின் மேல் மரம் விழுந்தது.

சித்தி என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கச்சி. கீழ் லயத்தின் கடைசி வீடு. அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ரப்பர் மரம், வயது முற்றி உள்ளே உளுத்துப் போனது, சாய்ந்துகொண்டே நின்றது. ஒரு மத்தியானம் அடித்த காற்றில் அது அப்படியே குசினிப் பக்கமாகக் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கியது. சித்தி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். ஆண்கள் வந்து மரத்தை அறுத்துத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சித்தியின் மகள் மட்டும் பிழைத்தாள். முன் அறையில் பலகைக் கட்டிலுக்கு அடியில் கோழி முட்டை இட்டிருந்தது. அதை எடுக்க அவள் ஊர்ந்து போயிருந்த நேரத்தில் மரம் விழுந்திருக்கிறது. பலகை தாங்கிக்கொண்டது. அவளை வெளியே இழுத்து எடுத்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லையாம். கையில் முட்டை இருந்ததாம். அது உடையவும் இல்லையாம்.

அந்தக் கடைசிச் சங்கதியை யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. சித்தியை அடக்கம் பண்ணிய மறுநாள் குழாயடியில், சீனங்கடையில், எங்கே போனாலும் அதே பேச்சுத்தான். "முட்டகூட ஒடயலையாமே!"

சித்தப்பா கொஞ்ச நாள் இடிந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு ஜொகூர்ப் பக்கம் வேலை தேடிப் போனார். மகள் ஒரு துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கே அம்மா என்னிடம் சொன்னார். "இனிமே இவள அக்கான்னு கூப்புடு."

"அதுக்கு? என்னவிடக் கொஞ்ச நாள்தானே பெரியவ?"

"கொஞ்ச நாளோ, ஒரு நாளோ, அக்கா அக்காதான். வாய் பேசாத."

காலையில் எழுந்திருக்கும்போது நான் அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை. மத்தியானத்துக்குள் தங்கச்சியாகிவிட்டேன். அம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்த என் இடம் அவளுக்குப் போனது. கிறிஸ்துமஸுக்கு எடுத்த என் நீல கவுனும் அவளுக்குப் போனது, அவளுக்குப் பொருத்தமாக இருந்தது என்பதுதான் இன்னும் எரிச்சல். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தலை வாருவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து, குளித்து, சோறு தின்ற பிறகு அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து தலை வாரிவிடுவார். தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில். நாள் முழுக்க அம்மாவின் கை எனக்குக் கிடைப்பது அந்த நேரம்தான். அக்கா வந்த பிறகு அவளுக்குத்தான் முதலில். அவளுக்குச் சுருட்டை முடி, அடர்த்தி. சித்திக்கும் அதே முடி. அம்மா சிக்கு எடுத்து எடுத்து, வகிடு பிரித்து, பின்னி, பிடிக்காமல் திரும்ப அவிழ்த்துப் பின்னுவார். அது முடிவதற்குள் பொழுது இறங்கிவிடும். பிறகு, "வா, நீ வா," என்று என்னைக் கூப்பிட்டு இரண்டு இழுப்பில் முடித்துவிடுவார். என் முடி எலி வால்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக?

அக்கா அதிகம் பேச மாட்டாள். சொன்ன வேலையைச் செய்வாள். கோழிக்கூட்டுப் பக்கம் மட்டும் போக மாட்டாள். அதனால் முட்டை எடுக்கிற வேலை எனக்கு வந்தது. அதற்கும் எனக்குக் கோபம்.

அவள் வந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். அவள் என் நீல கவுனைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"பயப்படாம சொல்லும்மா. அன்னிக்கு என்னா ஆச்சு?"

"மரம் விழுந்துச்சு."

"நீ எங்க இருந்த?"

"கட்டுலுக்குக் கீழ."

"கையில என்னா வச்சிருந்த?"

"முட்ட."

"முட்ட ஒடஞ்சிச்சா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், "ஒடயலையே! ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகச் சொன்னார். உடனே எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். தொட்டில் முடிச்சுகள்கூட ஆடின மாதிரி இருந்தது. உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் அப்பாவின் கள்ளுக்கடைச் சாட்சிக்கு ஒருநாளும் அவர் கண் கலங்கியதில்லை. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா பாயிலிருந்து ஒரு கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து வாரா வாரம் அதே சாட்சிதான். புதிதாக யாராவது வந்திருந்தால் அவர்களுக்காக இன்னொரு தடவை. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் பெண்கள் அவள் தலையைத் தடவுவார்கள். கிரீம் பிஸ்கட் கொடுப்பார்கள். அவள் அதை அப்படியே என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் தின்பேன். தின்னும்போதும் பொறாமை போகாது.

பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் என் கன்னத்தைக் கிள்ளிக் கேட்டார். "அவ கர்த்தர் தெரிஞ்செடுத்த பிள்ள. ஒன்கிட்ட என்னாடி சாட்சி இருக்கு? மூணு வேளையும் நல்லா திங்கிறியே, அதுதானா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கர்த்தர் என்னைத் தெரிந்தெடுக்கவில்லை என்பதை அந்த அத்தையே சொல்லிவிட்டார். எங்கள் தோட்டத்தில் அத்தனை மரம் நிற்கிறது. ஒன்றைக்கூட அவர் என் பக்கமாகத் தள்ளவில்லை.

பிறகு ஈப்போவிலிருந்து போதகர் ஐயா வந்தார். மாதத்தில் ஒரு தடவை வந்து எங்களுக்கு நற்கருணை கொடுத்துவிட்டுப் போகிறவர். கறுப்புக் கார், மூக்குக் கண்ணாடி, மெதுவான பேச்சு. அவர் அக்காவின் சாட்சியைக் கடைசி வரை கேட்டார். பிறகு அம்மாவிடம், "அறுப்பின் பண்டிகைக்கு இந்தப் பிள்ளைய நம்ம ஈப்போ சபைக்கு அழச்சிட்டு வாங்கம்மா. நானே வண்டி அனுப்புறேன்," என்றார்.

ஈப்போ! காரில்! நான் அதுவரை தாப்பாவைத் தாண்டியதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் முழங்காலில் நின்றேன்.

என் ஜெபம் இப்படி இருந்தது. ஆண்டவரே, எங்கள் வீட்டின் மேலும் ஒரு மரம் விழட்டும். பெரிய மரமாக வேண்டாம், கூரை உடைகிற அளவுக்குப் போதும். அப்போது அம்மா குழாயடியில் இருக்கட்டும். அப்பா கள்ளுக்கடையில் இருக்கட்டும். கோழிகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. நான் கட்டிலுக்கு அடியில் இருப்பேன். மற்றதை நீர் பார்த்துக்கொள்ளும்.

அவருக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று என் பங்கை நான் சரியாகச் செய்தேன். மத்தியானம் மேகம் கறுத்தால் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவேன். முட்டையை எப்படிப் பிடித்தால் உடையாது என்று பழகினேன். மரம் விழுந்தபின் என்ன சொல்வது என்றும் மனப்பாடம் பண்ணினேன். மழை வரும், போகும். கூரைத் தகரம் சத்தம் போடும். மரம் மட்டும் விழாது. முட்டையைத் திரும்பக் கூட்டில் வைத்துவிட்டு வருவேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் உண்மையாகவே பெரிய காற்று வந்தது. அம்மா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அப்பா எங்கே இருந்தார் என்று சொல்லத் தேவையில்லை. எல்லாம் நான் ஜெபித்த மாதிரியே அமைந்திருந்தது. நான் முட்டையோடு கட்டிலுக்கு அடியில் இருந்தேன். வெளியே எங்கேயோ ஒரு கிளை முறிகிற சத்தம் கேட்டது. இதோ வந்துவிட்டது என்று முட்டையைப் பழகின மாதிரி பிடித்துக்கொண்டேன்.

அக்கா வாசலில் வந்து நின்றாள். அவள் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. பிறகு குனிந்தாள். என் கையில் இருந்த முட்டையைப் பார்த்தாள். அவள் முகம் எப்படி ஆனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

"வெளிய வா," என்றாள்.

"வர மாட்டேன்."

"வா, வா! மரம் விழப்போவுது!"

"விழட்டும். ஒனக்கு மட்டுந்தான் மரம் விழணுமா?"

அவள் வெளியே ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. உள்ளே ஊர்ந்து வந்தாள். என்னை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். என் கையை அவள் கையால் மூடிப் பிடித்தாள். காற்று ஏற ஏற அவள் பிடியும் இறுகியது. என் விரலுக்குள் முட்டை உடைந்து, முழங்கை வரை வழிந்தது.

நான் கத்தினேன். "ஒடச்சிட்டியே! நீதான் ஒடச்சே!"

"அன்னிக்கும் ஒடஞ்சிருச்சு," என்றாள்.

"பொய். ஒன் முட்ட ஒடயல."

"ஒடஞ்சிருச்சு. இப்புடித்தான் கையெல்லாம் வழிஞ்சுச்சு. அம்மா கூப்புட்டாங்க. முட்டய ஒடச்சிட்டேன்னு ஏசுவாங்கன்னு நான் பேசாம இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "திரும்பத் திரும்பக் கூப்புட்டாங்க. அப்பறம் கூப்புடல."

அவள் சொன்னதில் என் காதில் விழுந்தது ஒன்றுதான். முட்டை உடைந்திருக்கிறது. அப்படியென்றால் அவள் சாட்சி சாட்சியே இல்லை. ஈப்போவுக்கு அவளைக் கூட்டிப் போக முடியாது. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது.

"நான் உபதேசியார்கிட்ட சொல்லிருவேன்," என்றேன்.

"சொல்லு," என்றாள். கெஞ்சினால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவளோ, யாராவது சொன்னால் தேவலை என்கிற மாதிரி சொன்னாள். அதனால் சொல்ல வேண்டும் என்கிற ஆசையே எனக்குப் போய்விட்டது.

அம்மா நனைந்த சேலையோடு ஓடிவந்தார். எங்கள் இரண்டு பேரையும், கையில் வழிந்த மஞ்சள் கருவையும் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. சிமெந்துத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காற்று தானாக நின்றது. எங்கள் வீட்டின் மேல் ஓர் இலைகூட விழவில்லை.

மறுநாள் கார் வந்தது. நான் அழுத அழுகையில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அப்பா வரவில்லை, அவருக்குத் தலைவலி. ஈப்போ நெருங்கும்போது வழியில் சுண்ணாம்பு மலைகள் வந்தன. உச்சி பச்சையாக, பக்கமெல்லாம் வெட்டின காயம் மாதிரி வெள்ளையாக. அவற்றுக்குக் கீழே குனோங் ராபாட்டில்தான் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறேன். அன்றைக்கு அவற்றைப் பார்த்ததும், "அம்மா, மலைமேல மரம் வுழுமா?" என்று கேட்டேன். அம்மா வாயைத் திறப்பதற்குள் அக்கா வாந்தி எடுத்தாள்.

அந்தச் சபை எங்கள் ஆயாக்கொட்டகை மாதிரி இல்லை. பெஞ்சு, காற்றாடி, மைக் எல்லாம் இருந்தது. அறுப்பின் பண்டிகை என்பதால் முன்னால் வாழைக்குலை, கரும்பு, தேங்காய், சேவல் என்று ஏலத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். காணிக்கையாக ஒரு கூடை முட்டைகூட வந்திருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் ஐயா அவளை ஒரு முக்காலியில் ஏற்றி, மைக்கை அவள் வாய்க்கு நேராக இறக்கிவிட்டார். எங்கள் உபதேசியார் கேட்கிற கேள்விகளையே கேட்டார். மரம், கட்டில், கோழி. எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கடைசியில், "முட்ட ஒடஞ்சிச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சபையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சபைக்கு எங்கே குரல் கொடுக்க வேண்டும் என்று தெரியாது. எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். அவளுக்கு முதல் தடவையாகப் பதில் சொல்ல இடம் கிடைத்தது.

"ஒடஞ்சிருச்சு," என்றாள்.

"பிள்ளைக்குப் பயம்," என்றார் போதகர். "ஒடயலதானேம்மா?"

"ஒடஞ்சிருச்சு ஐயா. எங்கம்மா கூப்புட்டாங்க. நான் பேசல."

போதகர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எங்கோ ஒரு கைப்பிள்ளை அழுதது.

அப்போது அம்மா எழுந்தார். எங்கள் கொட்டகையில் ஒரு தடவைகூட வாய் திறக்காத அம்மா, அத்தனை டவுன்காரர்களுக்கு நடுவில், ரப்பர்ச் செருப்பு சடக் சடக்கென்று அடிக்க நடந்து போனார். "போதும் ஐயா. பிள்ளைய விட்டுருங்க," என்று சொல்லி அக்காவைத் தூக்கிக்கொண்டார். இடுப்பில் வைக்கிற வயதா அவளுக்கு? கால் இரண்டும் அம்மாவின் முழங்காலைத் தொட்டுத் தொங்கின. திரும்பி வந்துவிடுவார் என்று பார்த்தேன். வரவில்லை. அங்கேயே நின்று அழ ஆரம்பித்தார்.

மைக் திறந்துதான் இருந்தது. "என் தங்கச்சி போயிட்டாளே, என் தங்கச்சி போயிட்டாளே," என்று அம்மா அழுதது சபை முழுக்கக் கேட்டது. சித்தி செத்த அன்றுகூட அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அன்று அவர் அழ ஆரம்பித்தபோதெல்லாம் யாராவது ஒருவர், பிள்ளையைக் கர்த்தர் காப்பாத்திட்டாரே, முட்டகூட ஒடயலையே, ஸ்தோத்திரம் சொல்லு என்று தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

போதகர் ஐயா எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை அன்றைக்குப் பேசவில்லை. முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஒரு வயதான அம்மா எழுந்து போய், என் அம்மாவின் முதுகைத் தடவியபடியே நின்றார்.

நான் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முட்டை உடையாதபோது அவளுக்கு ஈப்போ கிடைத்தது. உடைந்துவிட்டது என்றதும் என் அம்மாவே கிடைத்துவிட்டார். உடையாவிட்டாலும் அவளுக்குத்தான். உடைந்தாலும் அவளுக்குத்தான்.

நான் கேட்ட கஷ்டத்தைக் கடவுள் மறந்துவிடவில்லை. தாமதமாகக் கொடுத்தார், கேட்டதைவிடக் கூடுதலாகவும் கொடுத்தார். தோட்டத்தை விற்றார்கள். என் வீட்டுக்காரர் வாதம் வந்து படுக்கையில் கிடந்தார். அவர் போனபிறகு சின்ன மகன் ஒரு காலையில் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, பெரியவனைக் கர்த்தர் வைத்திருக்கிறாரே, ஸ்தோத்திரம் பண்ணு என்றார்கள். நல்ல மனசோடு சொன்னவர்கள்தான். அக்கா ஜெலாப்பாங்கிலிருந்து டாக்சி பிடித்து வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை அவள் கையால் மூடிப் பிடித்தாள். அவள் பிடி இறுக இறுக நான் அழுதேன். கடவுள் எங்கேயும் போய்விடவில்லை என்று எனக்குத் தெரிந்தது அந்த நேரத்தில்தான். இதை மைக்கில் எப்படிச் சொல்வது? சொன்னால் யார் ஸ்தோத்திரம் சொல்வார்கள்?

அன்றைய பண்டிகை முடிந்து ஈப்போவிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. காரில் வரும் வழியெல்லாம் அக்கா அம்மா மடியில் தூங்கினாள். நான் கதவோடு ஒட்டி உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளைப் பாயில் கிடத்திவிட்டு முகம் கழுவினார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார்.

"வா, நீ வா," என்றார்.

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். என்னைத்தான் கூப்பிட்டார், முதலில் என்னை. ஓடிப்போய் அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு அவசரமே படவில்லை. என் எலி வால் முடியை மெதுவாகச் சிக்கு எடுத்தார், வகிடு பிரித்தார், பின்னினார், பிடிக்காத மாதிரி அவிழ்த்துத் திரும்பவும் பின்னினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இனி அம்மா எனக்குத்தான்.

கழுத்தில் சூடாக ஏதோ சொட்டியது. பிறகு இன்னொரு சொட்டு.

"எண்ணெய் வழியிதும்மா," என்றேன்.

"இரு, தொடச்சி விடுறேன்," என்றார் அம்மா. ஆனால் துடைக்கவில்லை. நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு எண்ணெயும் எனக்கே எனக்கு என்று.